இசைவு

பூங்கோதை கதவைத் திறந்தபோது வாசலில் நின்ற பெண் தோளில் தொங்கிய கறுப்புப் பெட்டியைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, "மேடம், படுக்கையில இருக்கிறவருக்கு வீட்டுக்கே வந்து ஆதார் எடுக்கணும்னு எழுதிக் கொடுத்திருந்தீங்களே, அதுக்கு வந்திருக்கேன், என் பேரு நிலோஃபர்" என்று மூச்சு வாங்கினாள். லிஃப்ட் இல்லாத வீடு, மேல்மாடி. உட்காரும்மா, தண்ணி கொண்டுவரேன் என்று உள்ளே திரும்பிய பூங்கோதைக்கு அந்தப் பெட்டி இத்தனை சின்னதாக இருந்தது ஏனோ ஏமாற்றமாக இருந்தது. ஒரு தேசத்து ஜனங்களின் விரல்களையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்ட பெட்டி இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கும் என்று மனசு எங்கோ எதிர்பார்த்திருக்கிறது போல. அவளும் ஒருநாள் இதே மாதிரிப் பெட்டியில்தானே கையை வைத்தாள், பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில், கரும்பலகையில் யாரோ போட்ட பெருக்கல் கணக்கு அழிக்கப்படாமல் இருந்தது, அது நினைவிருக்கிறது, பெட்டி நினைவில்லை. அன்றைக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டது ஒச்சப்பன்தான். உள்ளே வரவில்லை. நீ அரசாங்க உத்தியோகம், உனக்கு வேற வழி இல்ல கோதை, போய்க் கொடுத்துட்டு வா, நான் இங்கன நிக்கிறேன் என்று பள்ளிக்கூடத்துக் கேட்டுக்கு வெளியே பேப்பரை விரித்துக்கொண்டு நின்றவர், அவள் திரும்பி வந்ததும் அவளுடைய கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தார், மை இருக்கிறதா என்று. மையெல்லாம் கிடையாதுங்க இப்போ, கண்ணாடி மேல வெச்சா போதும் என்று அவள் சிரித்ததற்கு அவர் சிரிக்கவில்லை. இப்போது அந்த மனிதர் உள்ளறையில் சாய்வுக் கட்டிலில், மூன்று தலையணைக்கு நடுவில், வலதுபக்கம் முழுக்கத் தனக்குச் சொந்தமில்லாதது போல ஒதுங்கிக் கிடக்க, வாசல் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார். அவருக்குத் தெரியும். காலையில் அவளே சொல்லிவிட்டாள். சொன்னபோது அவர் என்ன சொன்னார் என்று இப்போது நினைத்துப் பார்க்க வேண்டாம், தண்ணீர் செம்பை எடு, டம்ளரைக் கழுவு.

நிலோஃபர் தண்ணீரைக் குடித்துவிட்டு வேலையில் இறங்கிவிட்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு மடிக்கணினியை விரித்தாள், ஒயர்களைச் செருகினாள், அவருடைய தலைக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் துணியைக் கட்ட ஆணி தேடினாள், கடைசியாகத் தன் கட்டைவிரலை ஒரு சின்னக் கருவியில் வைத்து எடுத்தாள். "நான் ரேகை வெச்சாதான் மேடம் இது திறக்கும்" என்றாள். யார் யாருடைய விரலை எடுத்தார்கள் என்பதற்கும் ஒரு விரல் சாட்சி. பூங்கோதைக்கு அது தெரிந்த சங்கதிதான். சொல்லப்போனால் இந்த அறையில் நடக்கப்போகும் ஒவ்வொன்றும் அவள் கையால் ஒருமுறை எழுதியது. சட்டத்துறையில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள், ஓய்வுக்கு முந்தைய வருஷம் அவளுடைய மேசைக்கு வந்ததுதான் இந்த எண்ணைப் பற்றிய சட்டம். நடைமுறைக்கு வந்து பல வருஷம் ஓடிய பிறகுதான் அதற்கென்று ஒரு சட்டம் எழுதினார்கள் என்று ஒச்சப்பன் அப்போது கேலி செய்தார், வீட்டைக் கட்டிக் குடியேறிட்டு அப்புறமா பிளான் வரையச் சொல்றானுக என்றார், அவர் ஒரு பொறியியல் கம்பெனியில் வரைபடம் போடுகிறவராக இருந்தார், எல்லாவற்றையும் வரைபடமாகத்தான் பார்ப்பார். அவளுக்கு அது சொற்களாக வந்தது. நாட்டில் வாழ்பவர் ஒவ்வொருவரும் அந்த எண்ணைப் பெற உரிமை உடையவர் ஆவார் என்று முதல் பக்கங்களிலேயே ஒரு வரி. உரிமை உடையவர் என்று எழுதிவிட்டு நெடுநேரம் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். உரிமை என்றால் வேண்டாம் என்று விடவும் உரிமை இருக்க வேண்டும் அல்லவா? அதற்கு ஒரு வரி இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தாள், அந்த மாதிரி நேராக ஒரு வரி இல்லை. பின்னால் வந்த திருத்தத்தில் ஒன்று சேர்த்தார்கள், குழந்தையாக இருந்தபோது பெற்றோர் பதிந்துவிட்டிருந்தால் பதினெட்டு நிறைந்ததும் கொஞ்ச காலத்துக்குள் தன்னை விலக்கிக்கொள்ளக் கேட்கலாம் என்று. அந்த ஒரு வாசல்தான் வெளியே திறக்கிறது. வளர்ந்தவர்களுக்கு உள்ளே வரும் வாசல் மட்டும். ஆனால் உள்ளே வரும்படி கட்டாயப்படுத்தலாம் என்றும் எங்கேயும் எழுதவில்லை, அதையும் சொல்ல வேண்டும், எழுதாததை எழுதாததாகவே விட வேண்டும் என்பதுதான் மொழிபெயர்ப்பாளரின் முதல் பாடம்.

அவளைப் பாடாய்ப் படுத்தியது ஒரு சொல். ஒருவருடைய அடையாளத்தைச் சரிபார்க்கும் முன் அவருடைய ஒத்துக்கொள்ளலைப் பெற வேண்டும் என்கிற இடம். ஒப்புதல் என்று போட்டாள், அடித்தாள். குற்றவாளி போலீஸில் கொடுப்பதும் ஒப்புதல் வாக்குமூலம்தான், மேலதிகாரி கோப்பில் போடுவதும் ஒப்புதல்தான், அந்தச் சொல்லில் எப்போதும் ஒருவர் உயரத்தில் இருக்கிறார். சம்மதம் என்று போட்டாள். கல்யாணப் பேச்சுபோல இருந்தது, பெண்ணுக்குச் சம்மதமா என்று பெண்ணைத் தவிர எல்லாரையும் கேட்கிற சம்மதம். கடைசியில் பழைய ஒப்பந்தச் சட்டத்தில் பெரியவர்கள் புழங்கியிருந்த இசைவு என்ற சொல்லுக்கே போனாள். இசைதல், இரண்டு பேர் சுருதி சேர்வது. ஒரு கை தட்டி வராதது. அந்தச் சொல்லை எழுதியபோது ஒரு திருப்தி, நெஞ்சுக்குள் விளக்கு வைத்த மாதிரி. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒச்சப்பனிடம் சொன்னாள், இசைவுன்னு போட்டுட்டேங்க என்று. அவர் தோசை திருப்பிக்கொண்டிருந்தார். சொல்லு நல்லாத்தான் இருக்கு, ஆனா கேக்குறவன் காது எப்படியிருக்குன்னு யாரு பாக்குறது என்றார்.

"சாருக்குப் பேச்சு வருமா மேடம்?" நிலோஃபர் கேட்டாள்.

"ஒரு வார்த்தை வரும்."

"என்ன வார்த்தை?"

பூங்கோதை வாய் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து அவரே சொன்னார். "சரி."

நிலோஃபர் சிரித்தாள், நல்ல சிரிப்பு, கேலி இல்லை. "அது போதும் சார், எங்களுக்கு அதுதான் வேணும்" என்று திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அது போதும். அதுதான் வேணும். பூங்கோதை மனசுக்குள் சொன்னாள். சரி என்பது அவருடைய பதில் இல்லை அம்மா, அது அவரிடம் மிச்சமிருக்கிற ஒரே சத்தம். மூளையில் ரத்தம் உறைந்து விழுந்த அன்று வலதுகையும் வலதுகாலும் போனதோடு அத்தனை சொற்களும் போய்விட்டன, உசிலம்பட்டிப் பேச்சு, மெட்ராஸ் பேச்சு, வரைபடக் கணக்கு, வசவு எல்லாம். ஒரு வாரம் கழித்து இந்த ஒன்று மட்டும் தானாக வந்து நாக்கில் ஒட்டிக்கொண்டது. இப்படி ஆகும் என்றார் மருத்துவர், சிலருக்கு ஒரு பெயர் மட்டும் மிஞ்சும், சிலருக்கு ஒரு கெட்ட வார்த்தை, இவருக்கு இது, அவர் சொல்ல நினைப்பது வேறாக இருக்கும், வாய் இதைத்தான் கொடுக்கும். பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, டிவியில் செய்தி வாசிக்கிறவனைப் பார்த்துக் கொதித்தாலும் சரி, சரி, சரி. ஒரு வாழ்நாள் முழுக்க எதற்கும் லேசில் சரி சொல்லாத மனிதர். சேல்ஸ்மேன் வந்தால் வேணாம், கோயில் வசூலுக்கு வந்தால் வேணாம், மகள் இளவேனில் ஏசி வாங்கித் தருகிறேன் என்றால் வேணாம், அந்த வேணாம் ஒன்றுதான் அவருடைய முகவரி. அது எங்கே போய் விழுந்தது, தலைக்குள் எந்த இருட்டில் கிடக்கிறது. பூங்கோதை மெல்ல மெல்ல அந்த ஒரு சொல்லுக்கு அகராதி போட்டாள். இழுத்துச் சொன்னால் வேண்டும், வெட்டிச் சொன்னால் வேண்டாம், மூக்கிலிருந்து வந்தால் வலி, இரண்டு முறை வந்தால் சிறுநீர். பார்க்க வருகிறவர்கள் அசந்துபோவார்கள். எப்படிக்கா கண்டுபிடிக்கிறீங்க என்பாள் கீழ்வீட்டுக்காரி. இதெல்லாம் எனக்குத் தொழில்தானே என்று பூங்கோதை சொல்லிக்கொள்வாள், கொஞ்சம் பெருமையாகவே.

"ஊர் பேரு மேடம், பொறந்த ஊரு" என்றாள் நிலோஃபர். பூங்கோதை சொன்னாள். உசிலம்பட்டிக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர், அவள் இரண்டே முறை போயிருக்கிறாள். பிறந்த வருஷம் சொல்லும்போது வழக்கம்போல ஒச்சப்பனுடைய குரலே காதில் கேட்டது, ரேகைச் சட்டம் ஒழிஞ்ச மறுவருசம், எங்க வீட்ல கைநாட்டுக் குடுக்காமப் பொறந்த மொத ஆம்பள நான்தான். கல்யாணத்துக்கு முன்னால் பீச்சில் உட்கார்ந்து முதன்முதலில் அவர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னது அந்த வரியோடுதான் ஆரம்பித்தது. வெள்ளைக்காரன் அந்தப் பக்கத்துச் சனத்தையே பிறவித் திருடர்கள் என்று சட்டம் போட்டு எழுதி வைத்தான், மீசை முளைக்கிற வயசு வந்ததும் ஒவ்வொரு ஆணும் போய்ப் பத்து விரலையும் மையில் உருட்டி வைக்க வேண்டும், இருட்டியதும் சாவடிக்குப் போய்க் காவல்காரன் கண்ணில் பட்டபடி படுக்க வேண்டும், அடுத்த ஊருக்குப் போவதென்றால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். அப்பாவை அய்யா என்பார், அந்த அய்யா கல்யாணம் ஆன அன்றைக்கும் சாவடியில்தான் படுத்தாராம். யாரும் அவரைத் திருடினாயா என்று கேட்கவில்லை, விரலைக் கொடு என்று மட்டும் கேட்டார்கள். சட்டம் போனது, அய்யாவை விட்டு அது போகவில்லை. பெரம்பூரில் இந்த வீட்டுக்கு வந்து தங்கியிருந்தபோது பூங்கோதையே பார்த்திருக்கிறாள், விளக்கு வைக்கிற நேரம் ஆனால் அந்தக் கிழவருக்கு இருப்புக் கொள்ளாது, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்கும் நடப்பார், எங்க மாமா கிளம்பிட்டீங்க என்று கேட்டால் சிரித்து மழுப்பி உட்கார்ந்துவிடுவார். ஒச்சப்பன் அதைப் பார்க்காத மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த எண் வந்தபோது அவர் அதிகம் பேசவில்லை. ஊர்வலம் போகவில்லை, வழக்குப் போடவில்லை. இது அதுபோல இல்லீங்க, இது உதவி கொடுக்கிறதுக்கு, யாரையும் குற்றவாளின்னு சொல்லலை, எல்லார்கிட்டயும்தான் எடுக்கறாங்க, ரேகையை வேற யாருக்கும் கொடுக்கக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு என்று அவள் எடுத்துச் சொன்னாள், அது உண்மையும்கூட, இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. ஒச்சப்பன் கேட்டுக்கொண்டார். நீ சொல்றதெல்லாம் நெசந்தான் கோதை, எனக்கு வெரல் நீள மாட்டேங்குது, அவ்வளவுதான் என்றார். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் அந்த எண் இல்லாமல் ஒரு மனிதர் வாழ்ந்துவிட்டார், ஒவ்வொரு ஆபீஸ் ஜன்னலிலும் மல்லுக்கட்டி, வேறு அடையாளத்தைக் காட்டி, நாளைக்கு வாங்க என்றால் நாளைக்குப் போய்.

இப்போது ஜன்னலுக்கு நடந்துபோக அவருக்குக் கால் இல்லை. மறுவாழ்வு மையத்தில் ஒரு படுக்கை காலியாகிறது, கையும் காலும் பேச்சும் பழக்குகிற இடம், இலவசம், திங்கட்கிழமைக்குள் எண்ணோடு, இல்லை எண்ணுக்குப் பதிந்த சீட்டோடாவது வந்தால் இடம் என்றார்கள். நாள் தள்ளத் தள்ள திரும்பி வருவது குறைந்துகொண்டே போகும் என்று மருத்துவர் சொன்னது பூங்கோதையின் காதில் குழாய்ச் சொட்டுபோல ஓயாமல் விழுகிறது. அவளுக்கும் முதுகு விட்டுப்போச்சு, அவரைப் புரட்டும்போது இடுப்பில் ஒரு நரம்பு சுண்டி இழுக்கிறது, ஒருநாள் நானும் கீழே விழுந்தால் இரண்டு பேரும் தரையில் கிடந்து கூரையைப் பார்க்க வேண்டியதுதான். இளவேனில் ஓசூரிலிருந்து போனில் அழுதாள், அம்மா, அப்பாவோட பிடிவாதத்தை அவர் நல்லா இருக்கும்போது மதிச்சோம்ல, இப்ப அவர் உயிரு முக்கியமா விரலு முக்கியமா, நீங்களே கையைப் பிடிச்சு வெச்சிடுங்க, அவருக்குத் தெரியவா போகுது. தெரியவா போகுது. அந்த வார்த்தைதான் சுட்டது, ஆனாலும் பூங்கோதை மனு எழுதிப் போட்டாள், அந்தப் பெண் இதோ வந்துவிட்டாள், வெள்ளைத் துணியைக் கட்டியும்விட்டாள்.

"சார், இங்க கேமராவைப் பாருங்க." ஒச்சப்பன் பார்த்தார். நரைத்த புருவத்துக்கு அடியில் இரண்டு கண்ணும் தெளிவாக, கோணிய வாய் ஒருபக்கம் இறங்க, படம் திரையில் விழுந்தது. "சார், நீங்க கொடுக்கிற விவரம், கைரேகை, கண் பதிவு எல்லாம் உங்க அடையாள எண்ணுக்காக எடுக்கறோம். உங்களுக்குச் சம்மதம்தானே?" நிலோஃபர் ஒழுங்காகத்தான் கேட்டாள், விதியில் இருக்கிறபடி, குரலை உயர்த்தி, நிறுத்தி.

"சரி" என்றார் ஒச்சப்பன்.

பூங்கோதை காதைக் கொடுத்துக் கேட்டாள். இழுத்துச் சொன்னாரா, வெட்டிச் சொன்னாரா. நடுவில் இருந்தது. காலையில் சொன்னபோதும் இப்படித்தான் நடுவில் இருந்தது, அதைத்தான் அவள் செம்பையும் டம்ளரையும் வைத்து மூடிப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், பாதி முகம்தான் அவருடையது, மறுபாதி யாருடையதோ. வெட்டிச் சொன்ன மாதிரிதான் இருந்ததோ. இல்லை, களைப்பு. இல்லை, இழுத்துச் சொல்ல ஆரம்பித்து மூச்சு பற்றவில்லை. அகராதியில் அந்தப் பக்கத்தை அவள் திருப்பத் திருப்ப எழுத்து அழிந்துகொண்டே வந்தது, அதோடு இன்னொன்றும் வந்தது, வேண்டாத நேரத்தில் வந்தது, வரைபலகை. அவருடைய பெரிய வரைபலகை ஜன்னலோரம் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது, கட்டிலைப் போட இடம் வேண்டியிருந்தது, கீழ்வீட்டுக்காரியின் மகள் கட்டடக் கலை படிக்கிறாள், அவளுக்குக் கொடுத்துடலாமாங்க என்று கேட்டாள், சரி என்றார், கொடுத்துவிட்டாள். அன்று முழுக்க அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார், வெளிச்சம் கண்ணில் படுகிறது போல என்று திரைச்சீலையை இழுத்துவிட்டாள். அது இழுத்துச் சொன்ன சரியா? இழுத்தது அவரா, நானா? எனக்கு இடம் வேண்டியிருந்தது, என் காதுக்கு நீளமாகக் கேட்டது. கஞ்சி வேண்டுமா என்று கேட்டால் கரண்டி ஏற்கெனவே என் கையில் இருக்கிறது. தூங்கலாமா என்று கேட்கும்போது விளக்கை அணைத்துவிட்டுத்தான் கேட்கிறேன். எல்லாரும் கையைக் கட்டி வியந்து பார்த்த அந்த அகராதியை நான் யாரைக் கேட்டு எழுதினேன், அதில் ஒரு சொல்லுக்காவது அவர் தலையாட்டினாரா? மூலத்தைத் திருத்தாதே என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பெடுத்தவள்.

"இடதுகை நாலு விரல் முதல்ல மேடம். வலதுகை விரியாதுன்னா விட்டுடலாம், அதுக்கு விதிவிலக்கு போட்டுக்கலாம், படம் மட்டும் எடுத்துக்கறேன்." நிலோஃபர் கண்ணாடிப் பலகையைக் கட்டில் மேல் வைத்தாள். அதன் அடியிலிருந்து பச்சை வெளிச்சம் வந்தது. ஒச்சப்பனுடைய இடதுகை போர்வைக்கு மேல் கிடந்தது, நல்ல கை, அவள் எட்டி அதன் மணிக்கட்டைப் பிடித்தாள், வெதுவெதுவென்று நாடி ஓடியது. இத்தனை மாதமாக இந்தக் கையைக் கழுவி, துடைத்து, நகம் வெட்டி, சட்டைக்குள் நுழைத்து எடுத்திருக்கிறாள், ஒருமுறைகூட அது மறுத்ததில்லை. இப்போதும் மறுக்கவில்லை. அவள் தூக்கினால் வரும். அதுதான் பயமாக இருந்தது. நான்கு விரலைக் கண்ணாடியில் அழுத்திப் பிடிக்க ஒரு நொடி, திரையில் ரேகை மலரும், திங்கட்கிழமை படுக்கை, கால் மெல்ல மெல்ல ஊன்றும், பேச்சுகூட வரலாம். பேச்சு வந்த அன்று அவர் முதலில் என்ன சொல்வார்?

"ஒரு நிமிஷம்மா" என்றாள் பூங்கோதை.

கையை விட்டாள். கட்டில் விளிம்பில் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டாள். தன்னுடைய இரண்டு கைகளையும் அவருக்கு முன்னால் நீட்டி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். என்ன செய்கிறோம் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை, வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனது. "இங்க பாருங்க. நீங்க வாயால ஒண்ணும் சொல்ல வேண்டாம். இந்தக் கை ஆமா. இந்தக் கை இல்லை. உங்க கையால தொடுங்க. புரியுதா? இது எந்த ஊரு, மதுரையா?"

ஒச்சப்பன் அவளையே பார்த்தார். நேரம் போனது. வெளியே யாரோ பிரஷர் குக்கரின் விசிலை எண்ணிக்கொண்டு திட்டினார்கள். அவருடைய இடதுகை போர்வையிலிருந்து எழுந்து, தடுமாறி, இல்லை என்ற கையின் மேல் விழுந்தது.

"நான் உங்க பொண்டாட்டியா?"

வாயின் நல்ல பக்கம் கொஞ்சம் நெளிந்தது. கை மெல்ல மறுபக்கம் நகர்ந்து ஆமா என்ற கையைத் தட்டியது, தட்டிவிட்டு ஒரு கணம் அங்கேயே இருந்தது. பூங்கோதையின் கண் மங்கியது, துடைக்கக் கை இல்லை, இரண்டும் அவருக்கு முன்னால் நீட்டியபடி இருந்தன. அவர் உள்ளேதான் இருக்கிறார், முழுசாக, இத்தனை நாளும் உள்ளே உட்கார்ந்துகொண்டு நான் அவருக்காகப் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். ஒருமுறைகூட நான் இதைக் கேட்டுப் பார்க்கவில்லையே. ஏன்? நேரமில்லை, முதுகுவலி, அழுக்குத் துணி, இல்லை, இது எதுவுமில்லை, பதில் வேறாக இருந்தால் என்ன செய்வது என்ற பயம். அந்தப் பயம் இப்போதும் இருக்கிறது, கேள்வியைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்கலாம், உங்களுக்குக் குணமாக வேண்டுமா என்று கேட்டால் ஆமா என்ற கைக்குத்தான் வருவார், அதை வைத்துக்கொண்டு விரலைப் பதித்துவிடலாம், யார் குறை சொல்வார்கள். அவள் நேராகவே கேட்டாள்.

"அந்தச் சென்டர்ல சேர இந்த எண்ணு கேக்கறாங்க. எண்ணு இல்லேன்னா படுக்கை போனாலும் போயிடும். நான் சண்டை போட்டுப் பாப்பேன், ஜெயிப்பேன்னு சொல்ல முடியாது. எல்லாம் தெரிஞ்சுக்கங்க." நிறுத்தினாள். "விரல் வெக்கறீங்களா?"

நிலோஃபர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். ஒச்சப்பனுடைய கண் பச்சை வெளிச்சத்துக்குப் போனது, அங்கே தங்கியது, பிறகு பூங்கோதையின் முகத்துக்கு வந்தது. "சரி" என்றார். சொன்ன மாத்திரத்தில் அந்தச் சொல்லின் மேலேயே எரிச்சல் வந்தவர்போலத் தலையைத் தலையணையில் புரட்டினார். கை எழுந்தது. இரண்டு கைகளுக்கும் நடுவில் காற்றில் நின்றது. பிறகு இல்லை என்ற கையின் மேல் வந்து விழுந்து, அதோடு நிற்காமல், அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடியது.

நிலோஃபர் கண்ணாடிப் பலகையை எடுத்துத் துணியால் துடைத்து உறையில் போட்டாள். பச்சை அணைந்தது. "எடுத்த போட்டோவையும் அழிச்சிடறேன் மேடம், அனுப்பாம ரத்து பண்ணிடலாம்" என்றாள். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பினாள். "எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கேன். படுத்தவங்க, கண் தெரியாதவங்க, புத்தி சரியில்லாதவங்க. சம்மதமான்னு எல்லாரையும் கேட்டிருக்கேன். யாரும் வேணாம்னு சொல்லிப் பார்த்ததில்ல மேடம். சொல்லலாம்னு அவங்களுக்கும் தெரியாது, கூட இருக்கிறவங்களுக்கும் தெரியாது." கொஞ்சம் தயங்கி, "எனக்குமே தோணினதில்ல" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

பூங்கோதை கூடத்தில் நின்றபடியே மறுவாழ்வு மையத்துக்குப் போன் போட்டாள். அலுவலகத்துப் பெண் முதலில் முடியாது என்றாள், அப்புறம் எல்லாரும் கொடுக்கறாங்களே மேடம் என்றாள். பூங்கோதைக்குக் குரல் வந்தது, அலுவலகத்தில் மேலதிகாரிகளிடம் வாதாடிய பழைய குரல். "எண் ஒதுக்கப்படாத ஒருத்தருக்கு உதவியை மறுக்க முடியாதும்மா. மாற்று அடையாளத்தை ஏத்துக்கணும்னு அந்தச் சட்டத்துலயே இருக்கு. வாக்காளர் அட்டை இருக்கு, மருத்துவமனைச் சீட்டு இருக்கு. நீங்க மறுக்கறதா இருந்தா எந்த விதியின்படி மறுக்கறீங்கன்னு எழுதிக் கொடுங்க." எதிர்முனையில் போனை மூடிக்கொண்டு யாரிடமோ பேசும் சத்தம். டாக்டர்கிட்ட கேக்கறேன், திங்கக்கிழமை அவரைக் கூட்டிட்டு வாங்க, படுக்கை இருக்கும்னு நான் இப்ப சொல்ல முடியாது, வந்து பாருங்க என்றாள் அந்தப் பெண். ஜெயித்ததா தோற்றதா என்று தெரியாத பதில். இளவேனிலிடம் என்ன சொல்வது, அவள் கத்துவாள், கத்தட்டும். ஒருவேளை படுக்கை கிடைக்காமல் போய், கால் ஊன்றாமலே போய்விட்டால் இந்தக் காலைப்பொழுதை நான் எப்படி நினைப்பேன்? பெருமையாகவா, நெஞ்சில் அடித்துக்கொண்டா? தெரியவில்லை. திங்கட்கிழமை ஆட்டோவுக்குச் சொல்ல வேண்டும், இறக்க இரண்டு ஆட்கள் வேண்டும்.

உள்ளே போய் விஷயத்தைச் சொன்னாள். கேட்டுக்கொண்டார். அவள் மறுபடியும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள், ஒரு பேராசை வந்துவிட்டது அவளுக்கு. ஃபேன் வேகம் போதுமா? ஆமா. கஞ்சி கொண்டுவரவா? இல்லை. அதில் சர்க்கரை போடுகிறேனே, பிடிக்குதா? இல்லை, இல்லை, இரண்டு முறை தட்டினார், ஐயோ என்று வாயில் கை வைத்துக்கொண்டாள், எத்தனை டம்ளர், எத்தனை நாள். வரைபலகையைக் கொடுத்தது பிடிக்கலையா? கை எழுந்து, ஆமா என்ற பக்கம் வந்து, சும்மா அதன் மேல் கிடந்தது. திரும்ப வாங்கிட்டு வரட்டுமா? அவர் யோசித்தார். இல்லை. அந்தப் பெண் வரையட்டும் என்கிறாரா, இனி எதற்கு என்கிறாரா, அவள் அதற்கு அர்த்தம் எழுதப் போகாமல் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வெயில் நகர்ந்து அவருடைய கால்மாட்டுக்கு வந்துவிட்டது. அவருடைய நெற்றி வியர்த்திருந்தது, அவள் முந்தானையால் ஒற்றப் போனவள் பாதியில் நிறுத்திக் கேட்டாள். "நான் இங்கயே பக்கத்துல இருக்கட்டுமா?"

கேட்டபிறகுதான் உறைத்தது, இதற்கு என்ன பதில் வரும் என்று தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டே கேட்டிருக்கிறோம் என்று. ஒச்சப்பன் அவளை அன்பாகத்தான் பார்த்தார், அதில் சந்தேகமில்லை. கை மெதுவாக நகர்ந்து இல்லை என்ற கையைத் தொட்டது.

பூங்கோதை எழுந்தாள். விழுந்த நாளிலிருந்து அவள் இந்த அறையின் கதவைச் சாத்தியதே இல்லை, இப்போது சாத்துவதா ஒருக்களித்து வைப்பதா என்று கைப்பிடியோடு நின்றாள், பிறகு சாத்தினாள். சமையலறைக்குப் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நெஞ்சுக்குள் ஓர் இடம் வலித்தது, அடிபட்ட வலி இல்லை, வெகுநாள் சுமந்த குடத்தை இறக்கி வைத்ததும் இடுப்பில் ஒரு வலி வருமே, அது. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. புரண்டிருப்பார். இல்லை, எட்டி எதையோ எடுக்கப் பார்த்திருப்பார். தலையணை நழுவியிருக்குமோ, கழுத்து மடங்கியிருக்குமோ, தண்ணீர் எட்டுமோ. பாதம் தானாகத் தரையில் ஊன்றி எழப் போனது. அவள் ஸ்டூலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மறுபடியும் கிறீச் என்றது, அடங்கியது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் தனியாக இருந்தார். கூப்பிடட்டும், போகலாம்.